மாலையில் உங்கள் வீடு 25 மீட்டர் உயருமா?

தாம்பரத்தில் உங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்று, காற்றழுத்த சென்சார் உள்ள செல்போனில் உயரம் பாருங்கள். காலை 10 மணிக்கு 30 மீட்டர் என்று காட்டிய அப்ளிகேஷன், மாலை 4 மணிக்கு 55 மீட்டர் என்று காட்டலாம். வீடு நகரவில்லை. போனும் பழுதாகவில்லை. பிறகு ஏன் இப்படி? எக்ஸெல் உதவியுடன் பார்ப்போம்.

நம் தலைக்கு மேலே உள்ள காற்றின் எடைதான் காற்றழுத்தம். கடல் மட்டத்தில் இது சுமார் 1010 மில்லிபார். மேலே போகப் போக அழுத்தம் குறையும். முதல் 1000 மீட்டரில் சுமார் 113 மில்லிபார் குறைகிறது. அப்படியானால் ஒவ்வொரு 1000 மீட்டருக்கும் 113 கழித்தால் போதுமா? கழித்துப் பாருங்கள். 9000 மீட்டரில் மைனஸ் 7 வரும்! ஆனால் மீனம்பாக்கத்தில் இருந்து கிளம்பும் ஜெட் விமானங்கள் 10,000 மீட்டருக்கும் மேலே பறக்கின்றன. காற்றே இல்லாத இடத்தில் விமானம் எப்படிப் பறக்கும்?

தவறு எங்கே? கீழே உள்ள காற்று மேலே உள்ள காற்றின் எடையால் நெருக்கப்பட்டு அடர்த்தியாக இருக்கிறது. மேலே போனால் அடர்த்தி குறைவு. எனவே அங்கே 1000 மீட்டர் காற்றின் எடையும் குறைவு. அதாவது ஒவ்வொரு படியிலும் ஒரே அளவு குறைவதில்லை. இருப்பதில் ஒரே சதவீதம் குறைகிறது. பழைய கம்ப்யூட்டரின் மதிப்பை ஆண்டுதோறும் இத்தனை சதவீதம் என்று குறைத்துக் கணக்கிடுவது போலத்தான் இதுவும்.

எக்ஸெல்லைத் திறந்து கொள்ளுங்கள். (செல், ஃபங்ஷன் பெயர்களை ஆங்கில எழுத்தில் டைப் செய்ய வேண்டும்.)

1. ஏ1 செல்லில் 0, ஏ2 செல்லில் 1000 என டைப் செய்யுங்கள். இரண்டையும் செலக்ட் செய்து ஏ10 வரை கீழே இழுங்கள்.

2. பி1 செல்லில் 1010 என டைப் செய்யுங்கள்.

3. பி2 செல்லில் =பி1*0.888 என டைப் செய்து என்டர் தட்டுங்கள். அதை பி10 வரை காப்பி செய்யுங்கள்.

1010, 897, 796, 707 என்று இறங்கி, 9000 மீட்டரில் சுமார் 347 வரும். எவ்வளவு உயரம் போனாலும் மைனஸ் வராது. மிக உயரத்தில் குளிர் அதிகம் என்பதால் உண்மையான அழுத்தம் இதைவிடக் குறைவாகவே இருக்கும். ஊட்டி உயரம் வரை இந்தக் கணக்கு நன்றாகப் பொருந்தும்.

ஆயிரம் ஆயிரமாக இல்லாமல் எந்த உயரத்துக்கும் விடை வேண்டுமா? சி1 செல்லில் =1010*எக்ஸ்ப்(-ஏ1/8400) என்று கொடுங்கள். ஏ1 செல்லில் ஊட்டியின் உயரமான 2240 கொடுத்தால் விடை சுமார் 774. அங்கே தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவது இதனால்தான். சாதம் வேக குக்கர் தேவைப்படுவதும் அதனால்தான்.

இனி நம் மொட்டை மாடிக்கு வருவோம். போன் இதே கணக்கைத் தலைகீழாகப் போட்டு, அழுத்தத்தில் இருந்து உயரத்தைக் கண்டுபிடிக்கிறது. தரை மட்டத்தில் 1 மில்லிபார் என்பது 8 மீட்டருக்குச் சற்று அதிகம். சென்னையில் சாதாரண நாளிலேயே காலை 10 மணியில் இருந்து மாலை 4 மணிக்குள் அழுத்தம் சுமார் 3 மில்லிபார் குறையும். பாவம், போனுக்கு அது தெரியாது. வீடு 25 மீட்டர் ஏறிவிட்டதாக நினைத்துக் கொள்கிறது!

நமக்கு இது வேடிக்கை. பைலட்டுக்கு அப்படி இல்லை. விமானத்தின் ஆல்டிமீட்டரும் அழுத்தத்தை வைத்தே உயரம் சொல்கிறது. காற்றழுத்தத் தாழ்வு காரணமாக 10 மில்லிபார் குறைந்திருக்கும்போது பழைய செட்டிங்கிலேயே இறங்கினால், உண்மையில் இருப்பதைவிட 80 மீட்டருக்கும் மேல் அதிகமாகக் காட்டும். மீனம்பாக்கம் விமான நிலையத்தின் அருகில் நிற்கும் பரங்கிமலையின் உயரமே சுமார் 90 மீட்டர்தான்! அதனால்தான் தரையிறங்கும் முன் அந்த நேரத்து அழுத்தத்தைக் கேட்டு பைலட் செட் செய்கிறார்.

நீங்களும் அப்படியே செய்யலாம். உயரம் தெரிந்த இடத்தில், உதாரணமாக ரயில் நிலையப் பெயர்ப் பலகையில் உள்ள கடல் மட்ட உயரத்தைப் பார்த்து, அப்ளிகேஷனைச் சரிசெய்துவிட்டு உடனே பரங்கிமலைப் படிகளில் ஏறுங்கள். விடை சரியாக இருக்கும்.