தங்கக்கோட்டுச் சாலமாண்டரும் பனியுகமும்

"சாலமாண்டரா? அது பல்லி வகைதானே?" என்று எங்கள் வகுப்பில் பலரும் கேட்டோம். பார்வைக்குப் பல்லி போலிருந்தாலும் அது தவளைக்குத்தான் உறவு. நீரிலும் நிலத்திலும் வாழ்வது. தமிழகத்தில் சாலமாண்டர் கிடையாது. இந்தியாவில் டார்ஜிலிங் முதலிய இமயச் சாரல்களிலும் வடகிழக்கு மலைகளிலுமே அந்த இனத்தைக் காணலாம். ஆகவே, நாங்கள் படித்தறிந்ததைத் தோழியரோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

போர்ச்சுகல் நாட்டிலும் ஸ்பெயினின் வடமேற்குப் பகுதியிலும் மட்டுமே வாழ்வது தங்கக்கோட்டுச் சாலமாண்டர். 1864-ஆம் ஆண்டில் பொக்காஜ் என்ற போர்ச்சுகீசிய விலங்கியல் அறிஞர் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். கரும்பழுப்பு உடல், முதுகில் பொன்னிறக் கோடுகள், உடலைவிட நீண்ட வால். ஆபத்து வந்தால் பல்லியைப் போலவே வாலைத் துண்டித்துவிட்டு ஓடிவிடும். நுரையீரல் மிகச் சிறியதாதலால், பெரும்பாலும் ஈரத் தோலின் வழியாகவே சுவாசிக்கிறது. எனவே நிழலடர்ந்த ஓடைக்கரையை விட்டு அது அதிக தூரம் செல்வதில்லை.

இத்தகைய பிராணி பனியுகத்தை எவ்வாறு கடந்தது? ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் வட ஐரோப்பா பனிப்பாளங்களின் கீழ்க் கிடந்தது. தெற்கிலும் குளிரும் வறட்சியும் மிகுந்தன. அப்போது மத்திய போர்ச்சுகலின் ஈரமான பள்ளத்தாக்குகளே இதற்குப் புகலிடமாயின. பின்னர் பூமி வெப்பமடைந்தபோது, ஓடை ஓடையாக வடக்கே பரவியது.

எழுதி வைத்தவர் யாருமில்லாத இந்தப் பயணத்தை அறிஞர்கள் எப்படி அறிந்தார்கள்? மரபணுக்களைக் கொண்டுதான். ஒரு பெட்டி நிறையப் பல நிறப் பாசிமணிகள் இருப்பதாக எண்ணிக்கொள்வோம். ஒரு பிடி அள்ளினால் சில நிறங்கள் விடுபட்டுப்போகும். அந்தப் பிடியிலிருந்து தங்கை ஒரு பிடி அள்ளினால் இன்னும் சில நிறங்கள் குறையும். வடக்கே சென்ற சாலமாண்டர்களின் கதையும் இதுவே. ஒவ்வோர் ஓடைக்கும் முதலில் சென்றவை சிலவே. அவற்றின் சந்ததியே அங்கே பெருகியது. அதனால் மொண்டேகோ, டோரோ என்னும் இரு ஆறுகளுக்கு இடையே மரபணு வேறுபாடுகள் மிகுந்திருக்கின்றன. டோரோ ஆற்றைத் தாண்டி வடக்கே செல்லச் செல்ல அவை குறைகின்றன. மொண்டேகோவுக்குத் தெற்கே உள்ளவையோ நெடுங்காலத்துக்கு முன்பே பிரிந்த தனிக்கிளை.

இதை அறிவதால் என்ன பயன் என்று கேட்கலாம். ஒரே வகை நெல்லை மட்டும் விதைத்த ஊரில் ஒரு நோய் வந்தால் எல்லா வயலும் அழியலாம். பல வகைகள் இருந்தால் சிலவாவது தப்பும். உயிரினங்களுக்கு மரபணு வேறுபாடும் அப்படிப்பட்ட காப்பே. வடக்கே ஆயிரம் சாலமாண்டர்கள் இருந்தாலும், தெற்கே அழியும் ஒரு வகைக்கு அவை ஈடாகமாட்டா. இன்றோ பூமி மீண்டும் வெப்பமடைகிறது, ஓடைகள் வற்றுகின்றன, பழைய காடுகள் இருந்த இடங்களில் தைலமரத் தோப்புகள் நிற்கின்றன. அன்று புகலிடமாயிருந்த நிலமே இன்று ஆபத்தில் இருக்கிறது.

அந்தப் பகுதியில்தான் புசாக்கோ என்னும் வனம் உள்ளது. கார்மேல் சபைத் துறவியர் 1628-இல் அங்கே மடம் கட்டத் தொடங்கி, வனத்தைச் சுற்றி மதிலெழுப்பி, மரங்களை நட்டுக் காத்தனர். அம்மரங்களுக்குத் தீங்கு செய்வோர் திருச்சபையிலிருந்து விலக்கப்படுவர் என்று திருத்தந்தை எட்டாம் உர்பான் 1643-இல் ஆணையிட்டார். அவர்கள் காத்தது மரங்களை. ஆனால் அந்நிழலில் ஓடும் ஓடைகளில் தங்கக்கோட்டுச் சாலமாண்டர் இன்றும் வாழ்கிறது.

ஒரு மரத்தைக் காக்கும்போது, நாம் பெயரறியாத எத்தனையோ உயிர்களையும் காக்கிறோம். நம் ஊர் ஓடைக்கரை மரங்களையும் இந்த எண்ணத்தோடு பார்ப்போமா, தோழியரே?