அடுப்படியிலிருந்து புறப்படும் தீ

கடத்தூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் அநேக வீடுகளின் புறக்கடையில் துவரைமாரும் தென்னை மட்டையும் விறகிற்கெனக் குவிந்திருக்கும். அதற்குச் சற்றுத் தள்ளி வைக்கோற்போர். அதையொட்டி மாட்டுக் கொட்டகை. சமையல் பெண்டிர் காரியம், அதில் நமக்கென்ன என்று நம் விவசாயிகளில் பலர் எண்ணுவதுண்டு. ஆனால் அடுப்பில் பிறந்த ஒரு பொறி, ஒரு வருஷத்துத் தீவனத்தையும் கட்டுத்தறியிலிருக்கும் மாடுகளையும் ஒரு நாழிகைக்குள் அழித்துவிடக்கூடும். 2004-ம் வருஷம் ஜூலை 16-ந் தேதி கும்பகோணத்தில் 94 பள்ளிக் குழந்தைகள் மாண்ட தீவிபத்தும், மதிய உணவு சமைத்த கீற்றுக் கொட்டகையில் பற்றி, வகுப்புகளின் கீற்றுக் கூரைக்குத் தாவியதேயாகும்.

ஆகவே அடுப்பிற்கு நேர் மேலே கீற்றோ, விறகு அடுக்கிய பரணோ இருத்தல் ஆகாது. கூரையை மாற்ற வசதியில்லாதவர்கள், அடுப்பின் மேற்பாகத்தில் மட்டுமாவது தகரம் அடிக்கலாம். அன்றாடம் வேண்டிய விறகு மட்டும் உள்ளே இருந்தால் போதும். வைக்கோற்போரை வீட்டிலிருந்து ஐம்பது அடிக்குக் குறையாமல், காற்று எதிர்ப்பக்கம் வீசும் திசை பார்த்து அமைப்பது நலம்.

சாம்பலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. காலையில் அடுப்பை வழித்து, சாம்பலை அப்படியே எருக்குழியில் கொட்டுவது நம் பக்கத்து வழக்கம். மேலே குளிர்ந்திருப்பினும், உள்ளே மூடுண்ட கங்கு மறுநாள்வரை அணையாதிருக்கும். உலர்ந்த குப்பையும் மேல்காற்றும் சேர்ந்தால், பட்டப்பகலில் யாரும் அடுப்பு மூட்டாத வேளையில் போர் எரியத் தொடங்கும். பழி பீடி குடித்த கூலியாள் மேல் விழும்! சாம்பலை மூடியுள்ள பழைய பானையில் இரண்டு நாள் வைத்து ஆறவிடுக. இதில் வேறொரு லாபமும் உண்டு. சாம்பலைச் சாணத்தோடு கலந்தால் தழைச்சத்து ஆவியாகப் போய்விடும். தனியே வைத்து வாழைக்கும் தென்னைக்கும் இட்டால் அதிலுள்ள சாம்பல்சத்து முழுதும் பயிருக்குச் சேரும்.

2016-ல் உஜ்வலா திட்டம் வந்தபின் ஏழை வீடுகளிலும் எரிவாயு அடுப்பு பரவியிருக்கிறது. இவ்வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலெழாமல் தரையோடு படியும். ஆதலால் சிலிண்டரை நிமிர்த்தி வைத்து, அடுப்பை அதைவிட உயரமான மேடையில் அமைக்க வேண்டும். எரியும் விறகடுப்பு அதே அறையில் கூடவே கூடாது. நாற்றம் தெரிந்தால் விளக்கு ஸ்விட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து, எல்லோரும் வெளியேறி, 1906-க்குத் தெரிவிக்க வேண்டும்.

வாணலியில் எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றுவதே பெருந்தவறு. நீர் கொதித்தெழுந்து, எரியும் எண்ணெயைக் கூரைவரை வீசிவிடும். அடுப்பை அணைத்துத் தட்டினால் மூடிவிட்டு, ஆறும்வரை திறவாதிருக்க வேண்டும். உடையில் தீப்பற்றியவர் ஓடலாகாது. படுத்துப் புரளச் செய்து கம்பளியால் போர்த்துக. புண்ணின்மேல் மாவு, மை, பற்பசை ஒன்றும் தடவாமல், இருபது நிமிஷம் குளிர்ந்த நீர் ஊற்றி, 108 வண்டியை அழைக்கவும். தீ கைமீறிப் போவதாகத் தோன்றினால் பண்டபாத்திரங்களை எடுக்க உள்ளே நுழையாமல், மாடுகளின் கயிற்றை அறுத்துவிட்டு, 101-க்குச் சொல்லி அனுப்புதலே முறை.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கு ஒரு வார்த்தை. வீடு எரிந்தவர்களுக்கு வருவாய்த்துறை மூலம் உதவி கிடைக்க வழியுண்டு. ஆனால் ரேஷன் அட்டையும் பட்டாவும் எரிந்துபோன குடும்பம் அலுவலகம் தேடி அலையும் நிலையில் இராது. கிராம நிர்வாக அலுவலர் அன்றே நேரில் சென்று, மாடு, தானியம், தீவனம் உள்பட நஷ்டத்தைக் குறித்துத் தாசில்தாருக்கு அனுப்பிவைப்பாராக. பங்குனி பிறக்குமுன் ஊர்க்கூட்டம் கூட்டி, தீயணைப்பு வண்டி நுழைய முடியாத தெருக்களில் சாய்த்து வைத்த ஏர், வண்டி, கல் முதலியவற்றை அப்புறப்படுத்துவதும் அவர்களால் ஆகக்கூடிய காரியமே.