பூட்டும் பட்டும் ஒன்றான கதை: ஜாங்கோ கற்ற குறிப்பு

பைத்தான் அடிப்படையை முடிச்ச கையோட ஜாங்கோ பக்கம் போனேன். பயிற்சிக்கு எங்க ஊர்ப் பொருட்களுக்கு ஒரு சின்ன தளம். பட்டியலில் மூன்று: 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு, சின்னாளப்பட்டிப் பட்டு, சிறுமலை வாழை.

முதலில், ஃபிரேம்வொர்க் என்றால் என்ன? லைப்ரரியை நம் நிரல் கூப்பிடும். ஃபிரேம்வொர்க் அப்படியில்லை, அதுதான் நம் நிரலைக் கூப்பிடும். அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்து நாளிதழ் ஒன்றின் அலுவலகத்தில் பிறந்து, 2005-இல் பொதுவெளிக்கு வந்த ஜாங்கோவும் இப்படித்தான். முகவரிப் பட்டியலை நாம் எழுதிக் கொடுத்தால் போதும். யாராவது அந்த முகவரிக்கு வந்தால், உரிய ஃபங்ஷனை அதுவே கூப்பிட்டுக்கொள்ளும்.

பொருளின் பெயரிலிருந்து முகவரி உண்டாக்க, ஜாங்கோவின் 'ஸ்லக்கிஃபை' ஃபங்ஷனைப் போட்டேன். தமிழ்ப் பெயருக்கு வெற்றுச் சரம்தான் வந்தது. இயல்பாக அது ஆஸ்கி எழுத்துகளை மட்டுமே வைத்துக்கொள்ளும். யூனிகோடை அனுமதிக்கும் அமைப்பு ஒன்று இருக்கே, அதை இயக்கினேன். எழுத்து வந்தது. அப்பாடா!

பூட்டுப் பக்கத்தைத் திறந்தால் பிழை: ஒன்றைக் கேட்ட இடத்தில் இரண்டு பொருட்கள் இருக்காம். தரவுதளத்தைப் பார்த்தேன். 'பூட்டு', 'பட்டு' இரண்டுக்கும் முகவரி 'படட'. வாழைக்கோ 'சறமல-வழ'!

காரணம் இதுதான். நம் கண்ணுக்கு 'பூ' ஒரே எழுத்து. யூனிகோடில் அது 'ப' ஒன்று, ஊகாரக் குறி ஒன்று, ஆக இரண்டு. துணைக்கால், கொம்பு, புள்ளி எல்லாம் அங்கே 'எழுத்து' வகையில் வராது, 'குறி' என்ற தனி வகை. ஸ்லக்கிஃபை நம்பியிருக்கும் பைத்தானின் ரெகுலர் எக்ஸ்பிரஷன், எழுத்து, எண், அடிக்கோடு இவற்றைத்தான் சொல்லின் பகுதியாக ஏற்கும். குறிகள் அத்தனையும் உதிர்ந்துவிடும்.

நான் செய்த தீர்வு எளிது: முகவரியில் பெயருக்குப் பதில் பொருளின் வரிசை எண். எண் இரண்டு பொருளுக்கு ஒன்றாக வராது. பெயர்தான் வேணும்னா, ஆங்கில எழுத்தில் நாமே தட்டிக் கொடுக்கலாம்.

ஆங்கிலப் பெயர்களை மட்டும் வைத்துச் சோதித்திருந்தால் இது கண்ணிலேயே பட்டிருக்காது. அதனால நீங்க புதுசா எதைக் கட்டினாலும், முதல் சோதனைத் தரவு உங்க ஊர்ப் பெயராகவே இருக்கட்டும்.