ஆவடிக்குப் பெயர் வைத்தது யார்?

நாற்பது பிள்ளைகள். நாற்பது ஏடுகள். நாற்பது கையெழுத்துகள். ஆனால் கட்டுரை மட்டும் ஒன்றே ஒன்று!

வியப்பாக இருக்கிறதல்லவா, தோழர்களே? ஆவடியில் ஒரு கழகத் தோழரின் வீட்டில் இந்த வியப்பை நாம் கண்டோம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டும் உழைப்பாளி அவர். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் அவருடைய மகள், 'எங்கள் ஊர்' என்று பள்ளியில் எழுதச் சொன்ன கட்டுரையைப் பெருமையோடு நம்மிடம் நீட்டினாள். முத்து முத்தான எழுத்து. ஆனால் முதல் வரியைப் படித்ததும் திடுக்கிட்டோம்.

ஆவடி என்பது ஊர்ப்பெயரே அல்லவாம்! 'ஆர்மர்டு வெஹிக்கிள்ஸ் அண்ட் அம்யூனிஷன் டிப்போ ஆஃப் இந்தியா' என்ற ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கோத்தால் வருவதுதான் ஆவடியாம்!

"யார் சொன்னதம்மா இது?" என்று கேட்டோம்.

"கைப்பேசியில் கலைக்களஞ்சியம் பார்த்தேன் மாமா. எங்க வகுப்புல எல்லாரும் இதைத்தான் எழுதியிருக்காங்க."

"களஞ்சியத்துக்குச் சொன்னது யார்?"

குழந்தை விழித்தது. தந்தையும் விழித்தார். "அண்ணே, அச்சாகி வந்ததுன்னா சரியாத்தானே இருக்கும்?" என்றார்.

இந்தக் கேள்விதான் நம்மை எழுதத் தூண்டியது.

சற்றே எண்ணிப் பாருங்கள். ஆவடியிலே டாங்கி செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை அமைந்தது 1961-இல். அதற்கு ஆறாண்டு முன்பே, 1955 ஜனவரியில், காங்கிரசுக் கட்சி இதே ஆவடியில் மாநாடு கூட்டி, 'சோஷலிச பாணி சமுதாயம்' என்று தீர்மானம் போட்டது. நாடெங்கும் அது 'ஆவடித் தீர்மானம்' என்றே பேசப்பட்டது. தொழிற்சாலை வருமுன்னே பெயர் இருந்தது! குழந்தை பிறக்குமுன்னே பெயர் சூட்டுவதுண்டு. ஆனால், குழந்தையின் பெயரைத் தாத்தாவுக்குச் சூட்டுவார் உண்டோ?

"தொழிற்சாலை பிறகு வந்திருக்கலாம், படைத்துறைக் கிடங்கு உலகப்போர்க் காலத்திலேயே வந்துவிட்டதே" என்று வாதிடுவோர் உண்டு. வாதிடட்டும், வரவேற்கிறோம். டாங்கி என்ற போர் எந்திரம் முதன்முதலாகக் களம் கண்டதே 1916-இல். பிரான்சு நாட்டில், சோம் போர்க்களத்தில். இராயபுரத்திலிருந்து ஆவடி மண்ணைக் கடந்து வாலாஜா வரை இரயில் ஓடத் தொடங்கியதோ 1856-இல்! ஆகவே, 1916-க்கு முந்திய ஒரே ஒரு நிலப்பத்திரம், ஒரே ஒரு பழைய இரயில் அட்டவணை, ஒரே ஒரு வருவாய்த்துறைப் பதிவேடு, அதிலே 'ஆவடி' என்ற மூன்றெழுத்து இருந்தால் போதும். முதலெழுத்துக் கோட்டை மூச்சின்றிச் சாயும்!

அப்படியானால் உண்மைப் பொருள் என்ன? 'ஆ' என்றால் பசு. பசுக்கள் நிறைந்த இடம் ஆவடி என்று சொல்வார் உண்டு. கேட்கவே இனிக்கிறது. தமிழ்ச்சொல் என்பதால் நமக்கு அதன்மீது பாசமும் பொங்குகிறது. ஆனால் தோழர்களே, இனிக்கிறது என்பதற்காக மெய்யாகிவிடுமா? மாற்றான் சொன்னால் சான்று கேட்பது, நமக்குப் பிடித்ததைச் சொன்னால் தலையாட்டுவது என்றிருந்தால், அதற்குப் பெயர் பகுத்தறிவா? பெரியார் தந்த தராசிலே இரண்டு தட்டும் சமம். இந்த விளக்கத்துக்கும் சான்று கேட்போம்!

களஞ்சியங்களை நாம் பழிக்கவில்லை. பழிப்பது நன்றி கொன்ற செயலாகும். பிரான்சு நாட்டிலே களஞ்சியம் தொகுத்த தீதரோ யார்? கத்தி செய்யும் தொழிலாளியின் மகன்! பட்டறைகளுக்குச் சென்று, தொழிலாளர்களிடம் கேட்டு, அவர்கள் கைத்தொழில்களை ஏட்டில் ஏற்றினான். 1751-இல் முதல் தொகுதி வந்தது. 1759-இல் அரசன் உரிமத்தைப் பறித்தான்; போப் கண்டனம் விடுத்தார். ஆயினும் பணி நிற்கவில்லை. 1772-க்குள் 28 தொகுதிகள்! அரியணையும் மதபீடமும் அஞ்சியது ஏன்? அந்த ஏடு மக்களைக் கேள்வி கேட்கத் தூண்டியதால்! அப்படிப் பிறந்த களஞ்சியத்தையே, கேள்வி கேட்காமல் படியெடுக்கும் வேதமாக்கலாமா நாம்?

தமிழகத்திலும் உழைத்தார்கள். சிங்காரவேலு முதலியார் தனியொருவராகத் தொகுத்த 'அபிதான சிந்தாமணி' 1910-இல் வெளிவந்தது. மலைக்கத்தக்க உழைப்பு! ஆயினும் புராண மாந்தரும் மண்ணை ஆண்ட மன்னரும் அதிலே ஒரே பந்தியில் அமர்ந்திருக்கிறார்கள். எது கதை, எது வரலாறு என்று பிரித்தறியும் பொறுப்பு படிப்பவனுடையது. பிறகு, தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் 'கலைக்களஞ்சியம்' பெரியசாமித் தூரன் தலைமையில் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்தது. தமிழுக்கு அது தனிப்பெருமை. ஆனால் நினைவில் வையுங்கள்: 'தமிழ்நாடு' என்று அண்ணா சூட்டிய பெயர் நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14! பத்துத் தொகுதிகளும் முடிந்த பிறகே நம் நாட்டுக்கு நம் பெயர் கிடைத்தது. ஏட்டுக்கும் வயதுண்டு; அது எழுதப்பட்ட ஆண்டைப் பாராமல் எடுத்தெழுதினால், சங்கரலிங்கனார் உயிரைக் கொடுத்துக் கேட்ட பெயரையே நம் பிள்ளை மறந்துவிடும்.

இன்று இணையத்திலே விக்கிப்பீடியா இருக்கிறது. 2003 முதல் தமிழிலும் இருக்கிறது. 2010-இல் கோவை செம்மொழி மாநாட்டையொட்டிக் கலைஞர் அரசு, அதில் கட்டுரை சேர்க்கக் கல்லூரி மாணவர்களுக்குப் போட்டியே நடத்தியது. படியெடுக்க அல்ல, படைக்க! அதிலே பிழையுண்டா? உண்டு. 2005-இல் 'நேச்சர்' என்ற அறிவியல் ஏடு 42 அறிவியல் கட்டுரைகளை வல்லுநர்களிடம் தந்து ஒப்பிட்டது. விக்கிப்பீடியாவில் 162 குறைகள். புகழ்பெற்ற பிரிட்டானிக்காவிலோ 123! பிரிட்டானிக்கா மறுத்து வாதாடியது என்பது வேறு செய்தி. பிழையே இல்லாத ஏடு என்று ஒன்று இல்லை என்பதுதான் நமக்குப் பாடம்.

இதைத்தான் அந்தத் தோழரிடம் சொன்னோம். "தோழரே! உம் கையில் ஒரு ஜாப் வருகிறது. அளவு சரியாக இருக்கிறது என்று முந்தைய ஷிப்டுக்காரர் சீட்டில் எழுதியிருக்கிறார். அப்படியே அனுப்பி விடுவீரா?"

"அதெப்படிண்ணே! வெர்னியர் வச்சு நானே அளந்து பார்ப்பேன். ரிஜெக்ட் ஆனா என் தலையில்ல உருளும்?"

"இரும்புக்கு அளவு பார்க்கும் நீர், மகள் படிக்கும் எழுத்துக்கு அளவு பார்க்க வேண்டாமா?"

தோழர் சிரித்தார். மகள் சிரிக்கவில்லை; சிந்தித்தாள்.

அளவுகோல் அரிதானதல்ல. களஞ்சியம் வாயிற்படி; அதில் ஏறி உள்ளே போகவேண்டும், அதிலேயே படுத்துறங்கலாகாது. கட்டுரையின் அடியில் காட்டப்பட்ட சான்றைத் தேடு. சான்றே இல்லையேல் ஐயப்படு. வேறொரு நூலைப் பார். ஊர்ப் பெரியவரைக் கேள். அவர் சொல்வதையும் பத்திரத்தோடு ஒப்பிடு. யார் சொல்லக் கேட்டாலும் உண்மையைத் தேடிக் காண்பதே அறிவு என்று வள்ளுவர் வகுத்த வழி இதுதானே!

அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூவிருந்தவல்லியிலும் சொத்து வரி கட்டும் ஒவ்வொருவரும் நூலக வரியும் கட்டுகிறோம். 1948-இல் சென்னை மாகாணம் கண்ட பொது நூலகச் சட்டம் தந்த ஏற்பாடு அது. நம் காசில் வாங்கிய நூல்கள் நமக்காகக் காத்திருக்கின்றன. கிளைக் கழகத் தோழர்களே! ஞாயிறுதோறும் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லுங்கள். ஆசிரியப் பெருமக்களே! "என்ன எழுதினாய்?" என்பதோடு, "எங்கே கண்டாய்?" என்றும் கேளுங்கள், அந்த விடைக்கும் மதிப்பெண் தாருங்கள்.

நாம் விடைபெற்றபோது அந்தச் சிறுமி முதல் வரியை அடித்துவிட்டிருந்தாள். "தாத்தா பெட்டியில பழைய பத்திரம் இருக்குதாப்பா?" என்று தந்தையைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நாற்பது ஏடுகளில் ஓர் ஏடு மாறிவிட்டது. மற்ற முப்பத்தொன்பதும் மாறவேண்டும்!