நானோ வேதியியல்: வெளிநாட்டில் பட்டம் உண்டு; தாயகம் திரும்ப வழி உண்டா?

புது தில்லி: உயர்கல்விக்காக இந்தியாவிலிருந்து 2023-ஆம் ஆண்டு வெளிநாடு சென்றவர்கள் சுமார் 8.92 லட்சம் பேர். 2024-ஆம் ஆண்டு அந்த எண்ணிக்கை சுமார் 7.59 லட்சமாகக் குறைந்தது. நாடாளுமன்றத்தில் மத்திய கல்வி அமைச்சகம் அளித்துள்ள இந்தப் புள்ளிவிவரம், குடியேற்றத் துறை பயணிகளின் பயண நோக்கத்தைப் பதிவு செய்ததிலிருந்து பெறப்பட்டது. யார் எந்தப் பாடம் படிக்கச் செல்கிறார் என்பது அதில் இடம்பெறுவதில்லை.

கணினி, மேலாண்மைப் படிப்புகளை நாடிச் செல்லும் பெருங்கூட்டத்துக்கு நடுவே, உயிரிப் பொருள்கள் மற்றும் நானோ பொருள்களின் வேதியியலை முதுநிலையில் படிப்பதற்காகச் செல்லும் வேதியியல் பட்டதாரிகளும் இருக்கின்றனர். எண்ணிக்கையில் அவர்கள் சிறு பிரிவினரே. எனினும், இதய வால்வு முதல் முழங்கால் மூட்டு வரை இறக்குமதியைப் பெரிதும் நம்பியிருக்கும் ஒரு நாட்டுக்கு அவர்களது தேவை சிறியதல்ல. லட்சக்கணக்கில் கடன் வாங்கிப் படிக்கும் இவர்கள் திரும்பி வந்தால், அவர்களை ஏற்றுக்கொள்ள நாட்டில் என்ன ஏற்பாடு உள்ளது என்பதே இப்போது எழும் கேள்வி.

என்ன படிக்கிறார்கள்?

மனித உடலுக்குள் அல்லது உடலோடு ஒட்டி வைக்கப்படும் பொருள்களே உயிரிப் பொருள்கள். செயற்கை மூட்டின் உலோகக் கலவை, தானே கரையும் தையல் நூல், பல்லில் பதிக்கப்படும் டைட்டானியம், ரத்தம் சேமிக்கும் பை ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். ரத்தமும் திசுக்களும் அந்தப் பொருளை ஏற்கின்றனவா, அது எத்தனை ஆண்டு தேயாமல் உழைக்கும், தேய்ந்து உதிரும் துகள் என்ன செய்யும் என்பவை இந்தத் துறையின் அடிப்படைக் கேள்விகள்.

நானோ மீட்டர் என்பது ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. அந்த அளவுக்குப் பொருளைச் சிறிதாக்கும்போது அதன் நிறமும் வினைபுரியும் திறனும் மாறுகின்றன. மஞ்சளாக மின்னும் தங்கம் நானோ துகளாகும்போது சிவப்பாகத் தெரிகிறது. துகளின் அளவைப் பொறுத்து வெவ்வேறு நிறத்தில் ஒளிரும் 'குவாண்டம் புள்ளி'களைக் கண்டறிந்து உருவாக்கியதற்காக மௌங்கி பவெண்டி, லூயி புரூஸ், அலெக்சி எகிமோவ் ஆகியோருக்கு 2023-ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இரண்டு துறைகளும் சந்திக்கும் இடம் மருத்துவம். புற்றுநோய் மருந்தைக் கொழுப்பு உறையில் பொதிந்து செலுத்தும் முறைக்கு அமெரிக்கா 1995-ஆம் ஆண்டிலேயே ஒப்புதல் அளித்தது. கரோனா காலத்தில் எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசிகளை உடலின் செல்களுக்குள் கொண்டு சேர்த்தவை கொழுப்பாலான நானோ துகள்களே.

இதற்கான முதுநிலைப் படிப்பில் பலபடி வேதியியல், புறப்பரப்பு வேதியியல், எலெக்ட்ரான் நுண்ணோக்கி, எக்ஸ் கதிர் ஆய்வு முறைகள், செல் நச்சுத்தன்மைச் சோதனை ஆகியவை கற்பிக்கப்படுகின்றன. உடலுக்குள் வைக்கும் பொருள்களின் பாதுகாப்பைச் சோதிப்பதற்கான 'ஐ.எஸ்.ஓ. 10993' என்ற சர்வதேசத் தர வரிசையை அறிந்தவர்களுக்கு மருத்துவக் கருவி ஆலைகளில் தேவை இருக்கிறது.

திருவனந்தபுரம் காட்டிய வழி:

வெளிநாட்டுப் பயிற்சி தாயகத்துக்குப் பயன்பட்டதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அறுவைச் சிகிச்சைப் பயிற்சி பெற்றுத் திரும்பிய டாக்டர் எம்.எஸ். வலியத்தான் அதைக் கட்டி எழுப்பினார். 1980-ஆம் ஆண்டு நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி, அதைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அறிவித்தது.

இதய வால்வு ஒன்றை உள்நாட்டிலேயே உருவாக்கும் பணியில் மருத்துவர்களும் பொறியாளர்களும் பொருளறிவியல் வல்லுநர்களும் ஒரே கூரையின்கீழ் ஈடுபட்டனர். முதல் மூன்று மாதிரிகள் தோல்வியில் முடிந்தன. மிகக் கடினமான நீலமணிப் படிக வட்டு கைகொடுக்காத நிலையில், நான்காவது மாதிரியில் பாலிஎத்திலீன் வகைப் பிளாஸ்டிக் வட்டு பொருத்தப்பட்டது. 1990 டிசம்பரில் அந்த வால்வு முதன்முறையாக நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. டி.டி.கே. குழுமத்தின் தயாரிப்பில் அது சந்தைக்கு வந்தது. குறைந்த விலையில் ஆயிரக்கணக்கான ஏழை நோயாளிகள் பயன்பெற்றனர். வலியத்தான் 2024 ஜூலையில் காலமானார்.

வால்வின் வெற்றிக்குச் சரியான பொருளைத் தேர்ந்தெடுத்ததே காரணம். மூன்று தோல்விகளுக்குப் பிறகும் ஆய்வுக்கு நிதி நிற்காமல் வந்ததும் அதே அளவு முக்கியமானது. திரும்பி வந்தவருக்கு ஒரு நிறுவனமும், அந்த நிறுவனத்துக்கு நாடாளுமன்றத்தின் ஆதரவும் இருந்தன.

எங்கே, எவ்வளவு செலவு?

ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலம், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் 2017-ஆம் ஆண்டு முதல் பருவத்துக்கு 1,500 யூரோ வசூலிக்கிறது. நானோ பொருள், உயிரிப் பொருள் ஆகியவற்றில் கவனம் செலுத்தும் முதுநிலைப் படிப்பை ஆங்கிலத்தில் நடத்தும் உல்ம் பல்கலைக்கழகம் இந்த மாநிலத்தில்தான் உள்ளது.

கட்டணம் இல்லாவிட்டாலும், வாழ்க்கைச் செலவுக்காக ஆண்டுக்கு 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் காட்ட வேண்டும் என்று 2024 செப்டம்பரில் ஜெர்மனி நிர்ணயித்தது. இது ரூ.12 லட்சத்தை ஒட்டிய தொகை. இந்திய மாணவர்களின் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் ஏ.பி.எஸ். சான்று 2022 நவம்பர் முதல் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. ஸ்வீடன் 2011-ஆம் ஆண்டிலும், பின்லாந்து 2017-ஆம் ஆண்டிலும் வெளிநாட்டு மாணவர்களிடம் கட்டணம் வசூலிக்கத் தொடங்கின.

பிரிட்டனில் முதுநிலைப் படிப்பு பெரும்பாலும் ஓராண்டில் முடிந்துவிடுகிறது. பொருளறிவியல் சார்ந்த சில பாடங்கள் பாதுகாப்பு நோக்கில் நுட்பமானவையாகக் கருதப்படுவதால், விசாவுக்கு முன்பே 'ஏ.டி.ஏ.எஸ்.' என்ற அனுமதியை இந்திய மாணவர்கள் பெற வேண்டியுள்ளது. இதற்குக் கட்டணம் இல்லை என்றாலும் காலதாமதம் ஏற்படக்கூடும். படிப்புக்குப் பின் வேலை தேடுவதற்கான இரண்டு ஆண்டு அவகாசத்தை, 2027 ஜனவரி முதல் விண்ணப்பிக்கும் முதுநிலைப் பட்டதாரிகளுக்கு 18 மாதமாகக் குறைப்பதாக அந்நாடு 2025-ஆம் ஆண்டு அறிவித்தது.

சோதனைச் சாலையைச் சார்ந்த இந்தத் துறையில் படிப்புக் காலமும் கவனிக்கத்தக்கது. ஐரோப்பாவின் ஈராண்டுப் படிப்புகளில் பொதுவாக ஒரு முழுப் பருவம் ஆய்வேட்டுக்கு ஒதுக்கப்படுகிறது. ஓராண்டுப் படிப்பில் அது கோடைக்காலத்தின் சில மாதங்களோடு முடிந்துவிடுகிறது. நுண்ணோக்கியை இயக்கக் கற்றவருக்கும், அதன் படங்களை மட்டும் பார்த்தவருக்கும் வேலைச் சந்தையில் வேறுபாடு உண்டு.

உதவித்தொகை சிலருக்கே:

ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் திட்டத்தில் தேர்வு பெறுவோருக்கு மாதம் 1,400 யூரோ வீதம் 24 மாதங்கள் வரை கிடைக்கிறது. கல்விக் கட்டணமும் இல்லை. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகம் பிற ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களோடு இணைந்து நடத்திவரும் நானோ அறிவியல் முதுநிலைப் படிப்பு இத்திட்டத்தின்கீழ் உருவானது.

மத்திய அரசின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகையில் ஆண்டுக்கு 125 இடங்கள் உள்ளன. அவற்றில் 115 இடங்கள் தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கு உரியவை. எஞ்சியவை சீர்மரபினர், நாடோடிப் பழங்குடியினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர் மற்றும் பாரம்பரியக் கைவினைஞர் குடும்பத்தினருக்கு. குடும்ப ஆண்டு வருமானம் ரூ.8 லட்சத்தைத் தாண்டக் கூடாது. எல்லாப் பாடங்களுக்கும், முதுநிலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் சேர்த்தே இந்த 125 இடங்கள். சிறுபான்மையின மாணவர்களின் கடன் வட்டிக்கு மானியம் அளித்துவந்த 'படோ பர்தேஷ்' திட்டம் 2022-23-ஆம் ஆண்டு முதல் நிறுத்தப்பட்டது. 2024-ஆம் ஆண்டு ஒப்புதல் பெற்ற பிரதமரின் வித்யாலட்சுமி திட்டமோ உள்நாட்டுக் கல்வி நிறுவனங்களுக்கு மட்டுமே பொருந்தும்.

எனவே பெரும்பாலோருக்கு வங்கிக் கடனே கதி. ரூ.20 லட்சம் கடனை 10 சதவீத வட்டியில் பத்து ஆண்டுகளில் அடைப்பதாக வைத்துக்கொண்டால், மாதத் தவணை மட்டும் ரூ.26 ஆயிரத்தைத் தாண்டும்.

பட்டத்தின் பெயரில் சிக்கல்:

வெளிநாட்டுப் பட்டத்துக்கு இந்தியாவில் இணைத் தகுதி வழங்கும் பணியை நெடுங்காலமாக இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கம் கவனித்து வந்தது. பிரிட்டனின் ஓராண்டு முதுநிலைப் பட்டத்துக்கு அங்கீகாரம் கிடைப்பது நீண்டகாலம் சிக்கலாகவே இருந்தது. 2022 ஜூலையில் இரு நாடுகளும் செய்துகொண்ட ஒப்பந்தம் இதற்குத் தீர்வு கண்டது. ஆனால் பொறியியல், மருத்துவம், மருந்தியல், சட்டம் போன்ற தொழிற்படிப்புகள் அதில் சேர்க்கப்படவில்லை. 2025 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழு, வெளிநாட்டுப் பட்டங்களுக்கு இணைத் தகுதி வழங்குவதற்கான தனி ஒழுங்குமுறையை வெளியிட்டது. இணையவழி விண்ணப்பங்களை நிலைக்குழு ஒன்று பரிசீலிக்க இது வழிவகுக்கிறது.

இதனால் சிக்கல் முழுமையாகத் தீர்ந்துவிடவில்லை. ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் உதவிப் பேராசிரியர் தகுதிக்கும் நடத்தப்படும் சி.எஸ்.ஐ.ஆர். 'நெட்' தேர்வில் நானோ அறிவியலோ உயிரிப் பொருள் அறிவியலோ தனிப் பாடமாக இல்லை. இத்துறையினர் வேதி அறிவியல், இயற்பியல், உயிர் அறிவியல் ஆகியவற்றில் ஒன்றையே தேர்ந்தெடுக்க வேண்டும். கல்லூரி ஆசிரியர் பணிக்கான விளம்பரத்தில் 'வேதியியல் அல்லது தொடர்புடைய பாடம்' என்றிருந்தால், புதுப் பெயர் தாங்கிய பட்டம் தொடர்புடையதா என்ற கேள்வி எழும். படிப்பில் சேரும் முன்பே, பாடத்திட்டத்தில் வேதியியல் எவ்வளவு என்பதைக் காட்டும் ஆவணங்களைப் பெற்று வைத்துக்கொள்வது பின்னாளில் உதவும்.

முனைவர்களுக்கு மட்டுமே கதவு:

வெளிநாடுகளில் உள்ள விஞ்ஞானிகளை அழைத்துவர மத்திய அரசிடம் திட்டங்கள் இல்லாமல் இல்லை. உயிரித் தொழில்நுட்பத் துறையின் ராமலிங்கசாமி மறுவருகைத் திட்டமும், ராமானுஜன் ஆய்வு நல்கையும் பல ஆண்டுகளாகச் செயல்பட்டு வருகின்றன. அயலகத்தில் பணியாற்றும் இந்திய வம்சாவளி விஞ்ஞானிகளுக்காக 'வைபவ்' திட்டம் 2023-ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. இவை யாவும் முனைவர் பட்டம் பெற்றவர்களுக்கானவை. முதுநிலைப் பட்டத்தோடு திரும்புபவருக்கு இவற்றில் இடமில்லை.

அவருக்கு உள்ள முக்கிய வழி 'நெட்' எழுதி இளநிலை ஆய்வாளராகச் சேர்வது. 2023 ஜனவரி முதல் அதற்கான உதவித்தொகை மாதம் ரூ.37 ஆயிரம், வீட்டு வாடகைப் படி தனி. அதில் கடன் தவணை போக மிஞ்சுவது சுமார் ரூ.10 ஆயிரம். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும் இளைஞர், கிடைக்கும் வேலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே தங்கிவிடுவதில் வியப்பில்லை.

நிதியும் தேவையும்:

நானோ அறிவியலை மத்திய அரசு புறக்கணித்தது என்று கூற முடியாது. 2007-ஆம் ஆண்டு ஐந்தாண்டுகளுக்கு ரூ.1,000 கோடி ஒதுக்கீட்டில் 'நானோ இயக்கம்' தொடங்கப்பட்டது. விஞ்ஞானி சி.என்.ஆர். ராவ் அதன் மன்றத்துக்குத் தலைமை ஏற்றார். மொஹாலியில் நானோ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் உருவானது. 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் நிறைவேற்றிய அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைச் சட்டம், ஐந்தாண்டுகளில் ரூ.50 ஆயிரம் கோடி திரட்ட இலக்கு வைத்தது. அதில் பெரும்பகுதி தனியார் துறை உள்ளிட்ட அரசு சாரா வழிகளிலிருந்து வர வேண்டும். 2020-21-ஆம் ஆண்டில் ஆராய்ச்சிக்கு நாடு செலவிட்டது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம் மட்டுமே.

தேவையும் வளர்ந்திருக்கிறது. இந்தியாவில் பயன்படும் மருத்துவக் கருவிகளில் 70 முதல் 80 சதவீதம் இறக்குமதியாவதாக மதிப்பிடப்படுகிறது. ரத்தக் குழாயில் பொருத்தும் ஸ்டென்ட்டுக்கும் செயற்கை முழங்கால் மூட்டுக்கும் 2017-ஆம் ஆண்டு மத்திய அரசு உச்சவரம்பு விலை நிர்ணயித்தது. விலைக்கு வரம்பு கட்டலாம். உள்நாட்டு உற்பத்திக்கு ஆள் பலம் வேண்டும். மருத்துவக் கருவி விதிகள் 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தன. நானோ மருந்துகளை மதிப்பிடும் வழிகாட்டு நெறிகள் 2019-ஆம் ஆண்டு வெளியாயின. 2023-ஆம் ஆண்டின் தேசிய மருத்துவக் கருவிக் கொள்கை, 2030-க்குள் இந்தத் தொழிலை 5,000 கோடி டாலர் அளவுக்கு உயர்த்த விரும்புகிறது. விதிகளின்படி சோதிக்கவும், தரம் காக்கவும், உற்பத்தியை மேற்பார்வையிடவும் தேவைப்படுவோரில் பெரும்பாலோர் முதுநிலைப் பட்டதாரிகளே. எல்லோரும் முனைவர்களாக இருக்க வேண்டியதில்லை.

மருத்துவக் கருவிப் பூங்காக்களிலும் தேசிய ஆய்வுக் கூடங்களிலும் இவர்களுக்கு ஓரிரு ஆண்டுகள் பயிற்சிப் பணி அளிப்பதும், அங்கே பணியாற்றும் காலத்துக்குக் கடன் வட்டியை அரசு ஏற்பதும் பெருஞ்செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. எந்தப் பாடத்துக்கு எத்தனை பேர் செல்கின்றனர், எத்தனை பேர் திரும்புகின்றனர் என்ற கணக்கை எடுப்பது அதற்கு முதல் படி. கல்வி, சுகாதாரம், அறிவியல், ரசாயனம் எனப் பல அமைச்சகங்களுக்கிடையே பிரிந்து கிடக்கும் இந்தப் பொறுப்பை ஒன்று சேர்ப்பது குறித்து, நாடாளுமன்ற நிலைக்குழுக்கள் ஆராய வேண்டிய நேரம் இது.