கடற்காற்றில் இறகுப் பந்து

தூத்துக்குடியிலோ அதன் அக்கம்பக்கத்துக் கடற்கரை ஊர்களிலோ, மாலை நான்கு மணி அளவில், பள்ளி மைதானத்தில் மாணவர்கள் இறகுப் பந்து ஆடுவதை நீங்கள் பார்த்திருக்கலாம். ஒருவன் நேராகத்தான் அடிக்கிறான். பந்து வலையைத் தாண்டுகிறது. பாதி வழியில் ஏதோ நினைத்துக்கொண்டாற்போல் பக்கவாட்டில் ஒதுங்கிக் கோட்டுக்கு வெளியே விழுகிறது. அடுத்த முறையும் அப்படியே. பத்து நிமிடத்தில் மட்டை வேறு கைக்குப் போய்விடுகிறது. "எனக்கு இந்த ஆட்டம் வராது" என்று மாணவன் முடிவு கட்டிவிடுகிறான். சில வேளைகளில் ஆசிரியரும் அதை ஒப்புக்கொண்டுவிடுகிறார்.

ஐந்து கிராம் எடையுள்ள ஒரு பொருளைக் காற்று என்ன செய்யும் என்ற கணக்கை இருவருக்கும் யாரும் சொல்லவில்லை, குறை அவ்வளவுதான். இந்தக் கணக்கு தெரிந்தால், உள்ளரங்கம் இல்லாத பள்ளியிலும் எட்டாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொடுக்க முடியும். அது எப்படி என்று பார்ப்போம்.

பந்தா, வான்குடையா?

இறகுப் பந்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். தக்கையில் 16 இறகுகள் செருகப்பட்டிருக்கும். விதிப்படி அதன் எடை 4.74 முதல் 5.50 கிராம் வரை இருக்க வேண்டும். எடை முழுவதும் ஏறக்குறைய தக்கைப் பக்கம். காற்றைத் தடுக்கும் பரப்பு முழுவதும் இறகுப் பக்கம். ஆகவே எப்படி எறிந்தாலும் அது அம்பைப்போலத் திரும்பித் தக்கையை முன்னே வைத்துக்கொண்டுதான் பறக்கும்.

இந்த இறகுப் பாவாடை ஒரு சிறு வான்குடை. காற்று தரும் தடை, வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்காகும். வேகம் மூன்று மடங்கானால் தடை ஒன்பது மடங்காகும். உயரத்திலிருந்து விழும் பந்தின் வேகம் கூடக்கூடத் தடையும் கூடி, ஒரு கட்டத்தில் அதன் எடைக்குச் சமமாகிவிடுகிறது. அதன்பின் வேகம் கூடுவதில்லை. இதையே முற்றுத் திசைவேகம் என்கிறோம். இறகுப் பந்துக்கு இது வினாடிக்குச் சுமார் 6.7 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 24 கி.மீ. மாடியிலிருந்து விழும் கல்லுக்கு இத்தகைய தடை பொருட்டே அல்ல.

இதிலிருந்து இன்னொரு முடிவும் கிடைக்கிறது. பலமாக அடிக்கப்பட்ட இறகுப் பந்தின் வேகம், அது கடக்கும் ஒவ்வொரு மூன்றேகால் மீட்டருக்கும் ஏறக்குறையப் பாதியாகிறது. 2023 ஏப்ரல் 14 அன்று ஜப்பானில் நடந்த சோதனையில் நம் நாட்டு வீரர் சாத்விக்சாய்ராஜ் ராங்கிரெட்டி அடித்த பந்து மணிக்கு 565 கி.மீ. வேகத்தில் மட்டையை விட்டுக் கிளம்பியது. அது கின்னஸ் சாதனையாகப் பதிவாயிற்று. அதே பந்து பத்து மீட்டர் தள்ளி நிற்பவரை அடையும்போது, நம் கணக்குப்படி, வேகம் மணிக்கு 70 கி.மீ. அளவுக்கு இறங்கியிருக்கும். தானே பிரேக் போட்டுக்கொள்ளும் பந்து இது! கிரிக்கெட் பந்துக்கு அஞ்சும் பிள்ளைகூட இதன் எதிரே துணிந்து நிற்கலாம். பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஏற்ற ஆட்டம் என்று இதைச் சொல்வதற்கு முதற்காரணம் இதுதான்.

காற்று தரும் தள்ளு

பந்து காற்றில் மணிக்கு 24 கி.மீ. வேகத்தில் சென்றால் தடை அதன் எடைக்குச் சமம் என்றோம். பந்து நின்று, காற்று அதே வேகத்தில் வீசினாலும் கணக்கு ஒன்றுதான். மணிக்கு 24 கி.மீ. காற்று, பந்தை அதன் எடைக்குச் சமமான விசையோடு பக்கவாட்டில் தள்ளும். 12 கி.மீ. காற்றில் தள்ளு விசை கால் பங்கு. 'கால் பங்குதானே' என்று எண்ண வேண்டாம். ஆறு மீட்டர் உயரம் எழுந்த பந்து கீழே இறங்கச் சுமார் ஒன்றே கால் வினாடிக்கு மேல் ஆகிறது. அந்த நேரத்துக்குள் 12 கி.மீ. காற்று அதை ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் வரை நகர்த்திவிடும். ஆடுகளத்தின் முழு அகலமே 6.10 மீட்டர்தான். நேராக அடித்த பந்து ஏன் வெளியே விழுகிறது என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

கடற்கரையின் ஈரக் காற்று கனமானது, பந்து அதில் முன்னேற மாட்டாமல் திணறுகிறது என்று சிலர் சொல்வதுண்டு. இது சரியன்று. நீராவி மூலக்கூறு, காற்றின் மற்ற மூலக்கூறுகளைவிட இலேசானது. ஆகவே ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் ஈரக் காற்று உலர்ந்த காற்றைவிடச் சற்றே இலேசானது. நமக்குத் தொல்லை தருவது காற்றின் ஈரமன்று, அதன் ஓட்டம்.

தூத்துக்குடியின் காற்றுப் பஞ்சாங்கம்

1986ஆம் ஆண்டு நம் நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணைகள் குஜராத்தின் ஓகாவிலும், மகாராஷ்டிரத்தின் ரத்னகிரியிலும், தமிழ்நாட்டில் தூத்துக்குடியிலும் அமைக்கப்பட்டன. மின்சாரம் எடுக்கத் தேர்ந்தெடுத்த காற்று, இறகுப் பந்துக்கு எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் அந்தக் காற்றுக்கும் நேரம் காலம் உண்டு. ஒரே அளவு வெயிலில் தரை விரைவாகச் சூடேறுகிறது. கடல் மெதுவாகச் சூடேறுகிறது. தரைமேல் உள்ள காற்று சூடாகி மேலெழ, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று வருகிறது. முற்பகலில் தொடங்கும் இந்தக் கடற்காற்று பிற்பகலில் வலுத்து, பொழுது சாய்ந்த பின் தணிகிறது. இரவில் திசை மாறி நிலக்காற்று மெல்ல வீசுகிறது. விடிந்து சில மணி நேரம் பெரும்பாலும் அமைதி.

நம் பள்ளிகளின் விளையாட்டு வேளை எப்போது? பெரும்பாலும் கடைசிப் பாடவேளையில், அதாவது கடற்காற்று நன்கு வலுத்திருக்கும் நேரத்தில்! இறகுப் பந்து வகுப்பை மட்டும் காலை வழிபாட்டுக்கு முந்திய ஒரு மணி நேரத்துக்கு மாற்றினால், ஒரு காசும் செலவில்லாமல் பாதி உள்ளரங்கம் கிடைத்த மாதிரி.

ஆண்டுக் கணக்கும் ஒன்று உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்கள் வழியே மேல்காற்று பாய்ந்து வருகிறது. கடற்கரை மக்கள் இதைக் கச்சான் என்பார்கள். அந்த மாதங்களில் காலையில்கூட ஓயாத நாட்கள் உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. இரண்டு பருவங்களுக்கும் இடையில்தான் அமைதி. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் அதற்கு மார்ச், ஏப்ரல் மாதங்களைத் தேர்ந்தெடுத்ததும் இதனால்தான். கடல் அடங்கி, நீர் தெளிந்திருக்கும். முத்துக் குளித்தவர்களின் அந்தப் பஞ்சாங்கம் இறகுப் பந்துக்கும் பொருந்தும். ஜனவரி முதல் ஏப்ரல் வரையுள்ள காலைகளே புதிதாகக் கற்பவர்களுக்கு உகந்தவை.

கருவியில்லாமல் காற்றை அளக்கலாம்

காற்றுமானி வாங்க வேண்டியதில்லை. ஆங்கிலேயக் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் போஃபர்ட் 1805இல் வகுத்த அளவுமுறை இன்றும் உதவும். முகத்தில் காற்று படுகிறது, வேப்பிலைகள் சலசலக்கின்றன என்றால் மணிக்கு 6 முதல் 11 கி.மீ. இலைகளும் சிறு கொப்புகளும் ஓயாமல் அசைகின்றன, கம்பில் கட்டிய கைக்குட்டை விரிந்து பறக்கிறது என்றால் 12 முதல் 19 கி.மீ. புழுதியும் காகிதமும் கிளம்பினால் 20 கி.மீ.க்கு மேல்.

முதல் நிலையில் தாராளமாக ஆடலாம். இரண்டாம் நிலையில் வலையருகே தாழ்வான அடிகளை மட்டும் பழகலாம். மூன்றாம் நிலையில் இறகுப் பந்தைப் பெட்டிக்குள் வைத்துவிடுவதே நல்லது. உலக பாட்மிண்டன் சம்மேளனம் 2019இல் திறந்தவெளி ஆட்டத்துக்கென அறிமுகப்படுத்திய புதுவகைப் பந்தும்கூட மணிக்கு 12 கி.மீ. காற்று வரைதான் தாங்கும் என்று சொல்லப்பட்டது.

களத்தை எந்தத் திசையில் போடுவது?

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. காலை வெயில் கண்ணில் அடிக்காமலிருக்க, களத்தின் நீளம் தெற்கு வடக்காக அமைய வேண்டும். நம் ஊர்க் காற்றோ பெரும்பாலும் கிழக்கிலிருந்தோ மேற்கிலிருந்தோ வருகிறது. ஆகவே அது களத்தின் குறுக்கே வீசும். குறுக்குக் காற்றில் இரு தரப்புக்கும் சமமான துன்பம். நீளவாக்கில் வீசும் காற்றில் ஒரு பக்கம் சாதகம், மறுபக்கம் பாதகம். ஐந்து புள்ளிக்கு ஒருமுறை பக்கம் மாறினால் கணக்கு நேராகிவிடும். காலையில் மட்டும் ஆடுவதென்றால் தெற்கு வடக்காகப் போடுங்கள். மாலையிலும் ஆட வேண்டுமென்றால், வெயில் மறைந்த இடமாகப் பார்த்துக் கிழக்கு மேற்காக இன்னொரு களம் போடுங்கள்.

பள்ளிக் கட்டடத்தின் காற்று மறைவில் களம் அமைவது மிக நல்லது. அது இயலாவிட்டால் பனையோலைத் தட்டி கட்டலாம். ஆனால் தட்டியில் இடைவெளி இருக்க வேண்டும். முழுதும் அடைத்த தடுப்பின் பின்னால் காற்று சுழித்துக்கொண்டு இறங்கும். இடைவெளியுள்ள தடுப்பு, காற்றைச் சல்லடைபோல் மெலியவைத்து அனுப்பும். தடுப்பின் உயரத்தைப்போல் ஐந்து முதல் பத்து மடங்கு தூரம் வரை இதன் பலன் தெரியும். தட்டியைவிட உயரே எழும் பந்துக்கு மட்டும் பாதுகாப்பு இல்லை. ஆகவே தட்டி மறைவில் தாழ்வான ஆட்டமே பழக வேண்டும்.

தஞ்சை தந்த விடை

காற்றடிக்கும் வெளியில் ஆடுவது எப்படி என்ற கேள்விக்கு நம் நாட்டில் முன்பே ஒரு விடை கண்டிருக்கிறார்கள். தஞ்சையில் 1850களிலேயே அரச குடும்பத்தார் ஆடியதாகக் கூறப்படும் பூப்பந்தாட்டமே அது. இறகுக்குப் பதில் மஞ்சள் கம்பளி நூலால் ஆன பந்து. எடை 27 முதல் 30 கிராம். குறுக்களவு 5 செ.மீ.க்குச் சற்று மேல். அணிக்கு ஐந்து பேர். களம் 24 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம். இதற்கென அகில இந்தியச் சம்மேளனம் 1954இல் அமைந்தது.

கம்பளிப் பந்து இறகுப் பந்தைவிட ஐந்தாறு மடங்கு கனம். காற்றைத் தடுக்கும் பரப்போ அதைவிடக் குறைவு. கணக்கிட்டால் அதன் முற்றுத் திசைவேகம் மணிக்குச் சுமார் 70 கி.மீ. வருகிறது. முன்பு சொன்ன அதே 12 கி.மீ. காற்றில், அதே ஆறு மீட்டர் உயரத்திலிருந்து விழும்போது, அது நகரும் தூரம் ஒரு முழம்கூட இராது. இறகுப் பந்து இரண்டு மீட்டர் ஓடிப்போகும் காற்று அது!

ஆனால் கம்பளிப் பந்து தானே பிரேக் போடாது; வந்த வேகத்தில் வரும். மட்டையும் கனமானது. ஆகவே முதல் பாடத்துக்கு இறகுப் பந்து, கை பழகியபின் பூப்பந்து என்று வரிசைப்படுத்தலாம். இன்னும் சுருக்கமாகச் சொன்னால், காலையில் இறகுப் பந்து, மாலையில் பூப்பந்து. காற்றுக்கு ஏற்ற ஆட்டம், ஆட்டத்துக்கு ஏற்ற நேரம்.

கற்பிக்கும் முறை

நம் நோக்கம் சாம்பியன்களை உருவாக்குவதன்று. வகுப்பில் உள்ள நாற்பது பேரும் மகிழ்ச்சியாக ஆட வேண்டும். பள்ளியை விட்டுப் போனபின்னும் ஆட வேண்டும். அதற்கு ஏற்றவாறு படிகளை அமைத்துக்கொள்ளலாம்.

முதற்படி: வராந்தாவில் ஒரு பந்தை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். மட்டையைக் கைகுலுக்குவதுபோல் பிடித்து, பந்தைத் தட்டிப் பழகட்டும். இங்கே காற்றுமில்லை, ஓடுவதுமில்லை; கண்ணும் கையும் மட்டுமே இணைகின்றன.

இரண்டாம் படி: வலையில்லாமல் இருவர் மூன்று மீட்டர் இடைவெளியில் நின்று, கீழிருந்து மேலாகத் தட்டிக்கொள்ளட்டும். யார் வென்றார் என்று கேட்காதீர்கள். இருவரும் சேர்ந்து பந்தைக் கீழே விடாமல் எத்தனை முறை தட்டினார்கள் என்று எண்ணுங்கள். இருபதைத் தொட்ட ஜோடி அடுத்த படிக்குப் போகலாம்.

மூன்றாம் படி: வலை. கம்பத்தருகே 1.55 மீட்டர், நடுவில் 1.524 மீட்டர் உயரம். வெளியில் பழக இறகுக்குப் பதில் பிளாஸ்டிக் பாவாடையுள்ள பந்தே போதும், எளிதில் சேதமாகாது.

நான்காம் படிதான் கடற்கரைப் பள்ளிக்கே உரியது. மெல்லிய காற்றுள்ள நாளில் ஒவ்வொருவரும் காற்றின் திசையில் பத்து அடி, காற்றை எதிர்த்துப் பத்து அடி அடிக்கட்டும். விழுந்த இடங்களைச் சுண்ணாம்பால் குறித்துச் சராசரித் தூரத்தை அளக்கட்டும். காற்று முதுகுப் பக்கம் இருந்தால் கை தளர்த்தி, எதிரே இருந்தால் கை ஓங்கி, குறுக்கே இருந்தால் வரும் பக்கம் பார்த்துக் குறிவைத்து அடிக்க வேண்டும் என்பதை அந்தச் சுண்ணாம்புப் புள்ளிகளே சொல்லிக்கொடுக்கும்.

நீங்களே செய்து பாருங்கள்

ஒன்பது மீட்டர் உயரமுள்ள மாடியிலிருந்து, கீழே ஆள் நடமாட்டம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ஒரு இறகுப் பந்தையும் ஒரு கம்பளிப் பந்தையும் ஒரே நேரத்தில் விடுங்கள். கம்பளிப் பந்து சுமார் 1.4 வினாடியில் தரையைத் தொடும்; இறகுப் பந்துக்கு 1.8 வினாடி ஆகும். கைப்பேசியில் உள்ள நிறுத்துக் கடிகாரமே இதை அளக்கப் போதும். காலை ஏழு மணிக்கு ஒருமுறை, மாலை நான்கு மணிக்கு ஒருமுறை செய்யுங்கள். இரண்டு பந்துகளும் நேர்கீழ்ப் புள்ளியிலிருந்து எவ்வளவு தள்ளி விழுந்தன என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த நான்கு எண்களையும் உங்கள் பள்ளித் தலைமையாசிரியரிடம் காட்டுங்கள். விளையாட்டு வேளையை மாற்றித் தரும்படி கேட்பதற்கு இதைவிட நல்ல விண்ணப்பம் வேறில்லை.