கடலும் கரையும் – 11: பிசாசு மீனுக்குக் கை கொடுத்தவர்

போன வாரம் நாண்டக்கெட் தீவில் இருந்தோம். இந்த வாரம் பசிபிக் பக்கம் போகலாம். மெக்சிகோவின் வடமேற்கில் பாஹா கலிஃபோர்னியா என்றொரு நீளமான தீபகற்பம். ஒரே கள்ளியும் மணலும். ஆனால் அதன் மேற்குக் கரையில் கடல் உள்ளே புகுந்து சில உப்பங்கழிகளை உண்டாக்கியிருக்கிறது. ஆழம் குறைந்த, அலையடிக்காத நீர். ஆர்க்டிக்கில் கோடை முழுக்கத் தின்று கொழுத்த சாம்பல் திமிங்கிலங்கள், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஏறக்குறைய பட்டினியாகவே நீந்தி, குட்டி போட இங்கேதான் வரும்.

1857 டிசம்பரில் சார்லஸ் ஸ்கேமன் என்ற அமெரிக்கக் கேப்டன் ‘பாஸ்டன்’ கப்பலை ஒஹோ தெ லியப்ரே கழிக்குள் கொண்டுவந்தார். கழி நிறையத் திமிங்கிலம். ஆட்கள் ஆசையோடு படகை இறக்கி எறியீட்டியை வீசினார்கள். ஈட்டி வாங்கிய தாய் ஓடவில்லை, திரும்பி அடித்தது. இரண்டு படகுகள் நொறுங்கின. பலருக்கு எலும்பு முறிந்தது. மிச்சமிருந்தவர்கள் மறுபடி படகில் ஏறவே மறுத்தார்கள்.

ஸ்கேமன் வேறு வழி கண்டார். திமிங்கிலம் ஆழமான வாய்க்கால் வழியாகத்தான் போகும். வாய்க்கால் ஓரத்தில், அது வர முடியாத அளவு தண்ணீர் குறைந்த இடத்தில் படகை நங்கூரமிட வேண்டியது. அது கடக்கும்போது, உடம்புக்குள் போய் வெடிக்கும் குண்டைத் துப்பாக்கியால் சுட வேண்டியது. அவ்வளவுதான். பீப்பாய்கள் நிரம்பி, கப்பல் எண்ணெய்ப் பாரத்தோடு சான் பிரான்சிஸ்கோ திரும்பியது. இந்த ரகசியம் எத்தனை நாள் நிற்கும்? அடுத்த பருவத்தில் மற்ற கப்பல்கள் அவர் பின்னாலேயே வந்து நுழைந்தன. இருபது ஆண்டுகளுக்குள் கழிகள் வெறிச்சோடின. குட்டியை விட்டு விலகாத தாயைச் சுடுவதில் பெரிய சாமர்த்தியம் எதுவும் இல்லை. ஆனாலும் வேட்டைக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் ‘பிசாசு மீன்’!

ஸ்கேமன் விசித்திரமான மனிதர். கொன்ற விலங்குகளை அளந்தார், வரைந்தார், அவற்றின் பழக்கங்களைக் குறித்துவைத்தார். 1874இல் அவர் எழுதிய கடல்வாழ் பாலூட்டிகள் நூல் இன்றும் ஆய்வாளர்களுக்கு வேண்டியிருக்கிறது. இந்த இனமே அழிந்துவிடுமோ என்ற கவலை அதில் இருக்கிறது. அந்தக் கவலையில் எனக்கு மரியாதை உண்டு. கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்கலாம் என்ற எரிச்சலும் உண்டு.

இருபதாம் நூற்றாண்டில் நார்வேக்காரர்களின் ஆலைக் கப்பல்கள் வந்து மிச்சத்தையும் ஒரு கை பார்த்தன. திமிங்கில வேட்டை பற்றிய 1937 ஒப்பந்தமும் 1946 சர்வதேச உடன்படிக்கையும் வந்த பிறகுதான் இந்த இனத்துக்கு மூச்சு வந்தது.

எண்ணிக்கை ஏறியது. பயம் மட்டும் இறங்கவில்லை. சான் இக்னாசியோ கழி மீனவர்கள் சாம்பல் திமிங்கிலத்தின் முதுகு தெரிந்தால் படகைத் திருப்பிவிடுவார்கள். 1972இல் ஒருநாள் ஃபிரான்சிஸ்கோ மயோரல் – ஊரில் ‘பச்சிகோ’ – கூட்டாளியோடு களவா மீன் பிடித்துக்கொண்டிருந்தார். படகை ஒட்டி ஒரு திமிங்கிலம் எழுந்தது. இந்தப் பக்கம் தலை, அந்தப் பக்கம் வால், நடுவில் இவர்கள். அது போவதாகத் தெரியவில்லை. கடைசியில் பச்சிகோ கையை நீட்டித் தொட்டார். ஒன்றும் ஆகவில்லை. அதன் பிறகு தாய்கள் குட்டிகளையும் படகோரம் கூட்டிவர ஆரம்பித்தன. கொட்டலசும் பேனும் அப்பிய அந்த முகத்தைத் தடவிப் பார்க்க இன்று உலகெங்குமிருந்து ஆட்கள் வருகிறார்கள்.

அதே 1972இல் ஒஹோ தெ லியப்ரேயை மெக்சிகோ திமிங்கிலப் புகலிடமாக அறிவித்தது. 1993இல் இரண்டு கழிகளும் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. அத்தோடு தொல்லை தீர்ந்ததா என்றால், இல்லை. மெக்சிகோ அரசும் மிட்சுபிஷியும் கூட்டாக நடத்திய உப்பு நிறுவனம் சான் இக்னாசியோவில் பிரம்மாண்டமான உப்பளம் கேட்டது. ஒஹோ தெ லியப்ரே ஓரத்தில் ஏற்கெனவே அவர்களுடைய உப்பளம் இருந்தது, உலகின் மிகப் பெரியவற்றில் ஒன்று. கவிஞர் ஓமெரோ அரிட்ஹிஸ் முதற்கொண்டு பலர் வருடக்கணக்கில் எதிர்த்தார்கள். 2000 மார்ச்சில் அதிபர் செதியோ திட்டத்தைக் கைவிட்டார்.

கழியில் இன்று படகோட்டுகிறவர்கள் பெரும்பாலும் அந்த மீனவக் குடும்பங்களே. குளிர்காலத்தில் திமிங்கிலப் பகுதியில் வலை போடுவதில்லை. ஒரே நேரத்தில் இத்தனை படகுதான் என்று கணக்கு உண்டு. துரத்தக் கூடாது, அதுவாக வந்தால்தான் உண்டு. சட்டப் புத்தகத்தைவிட இந்த வருமானம்தான் கழியைக் காக்கிறது என்பது என் கணிப்பு.

ஆனால் கழியில் போடும் காவல் ஆர்க்டிக் வரை எட்டாது. 2016இல் சுமார் 27,000 ஆக இருந்த எண்ணிக்கை 2025இல் சுமார் 13,000க்கு வந்துவிட்டது. வடக்கே பனி உருகும் போக்கு மாறி, கடலடிச் சேற்றில் அவை உறிஞ்சித் தின்னும் சிறு இறால் வகை உயிர்கள் குறைகின்றன. 2019 தொடங்கி எலும்பும் தோலுமாகக் கரையொதுங்கியவை ஏராளம். அரைவயிறு தின்ற தாய் சினையானாலும் குட்டி தங்குவதில்லை. 2025 வசந்தத்தில் கலிஃபோர்னியாக் கரையைக் கடந்து வடக்கே போன குட்டிகள் ஏறத்தாழ 85தான் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.

(தொடரும்)